ஆளுக்கு நூறு வாட்

பக்கீர் மைதீனின் மேசைமேல் ரவிக்கை ஒன்று வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் இஞ்சு டேப் உருண்டு கீழே போயிற்று.

"இது என்ன கலரு பாய்?"

எறிந்தவர் வாடிப்பட்டி அம்மாள். பத்து நாளைக்கு முன்னால் மகளின் முகூர்த்தச் சேலையை இதே மேசையில் விரித்து, ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்த்து வாங்கிப் போனவர். கல்யாணம் நாளை மறுநாள். பக்கீர் மைதீன் ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தார். நல்ல தையல், கை விளிம்பில் ஜரிகை. அம்மாள் அக்குளில் இடுக்கியிருந்த சேலையை வாங்கி அதனோடு சேர்த்துப் பிடித்தார்.

"வாடாமல்லி தாயி. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

"ஒண்ணா இருக்கா? கீழ வாங்க."

"மூணு மாடி தாயி..."

"என் சம்பந்தி வீட்டுக்காரி முன்னாடி மானம் போயிருச்சு. உங்களுக்கு மாடிப்படி பெருசாப் போச்சா? வாங்கங்கிறேன்ல."

தெற்கு மாசி வீதியிலுள்ள அந்தப் பழைய கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒன்றுதான். அதுவும் நேராகத் தெருவுக்கு இறங்காது. தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிவரை பரந்துகிடந்த பட்டு ஷோரூமின் நடுக்கூடத்தில் கொண்டுபோய் விடும். அங்கே சேலை கட்டி நிற்கும் நாற்பது பொம்மைகளைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளித்தான் வெளியே போக வேண்டும். மூன்றாம் மாடிக்கு வருகிறவன் போகிற வழியில் கீழேயும் ஒரு சேலையைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று கட்டட முதலாளி சௌந்தரபாண்டியன் செய்துவைத்த ஏற்பாடு அது.

தெருவில் நாற்பத்துநான்கு டிகிரி வெயில். அம்மாள் சேலையையும் ரவிக்கையையும் அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

சேலை வாடாமல்லி. ரவிக்கை, நன்றாக முற்றிய கத்திரிக்காய்.

பக்கீர் மைதீனுக்கு மேட்சிங் தொழிலில் முப்பத்தோரு வருடம். வெங்காயத்தோல் நிறத்தில் மட்டும் பதினாறு வகை பிரித்து வைத்திருக்கிற மனிதர். மதுரையில் அவர் "பொருந்தும்" என்று சொன்னால் தையற்காரன் மறுபடி பார்க்காமல் கத்திரியை வைப்பான். அவர் பேச்சில்லாமல் மேலே போய் நான்கு துண்டுகளை எடுத்துவந்து, நடைபாதையிலேயே பொருத்தி, சரியானதைத் தானே தையற்காரரிடம் கொடுத்து, சாயங்காலத்துக்குள் ரவிக்கை வேண்டும் என்று கெஞ்சிவிட்டு வந்தார். அம்மாள் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"கண்ணு போயிருச்சு பாய் உங்களுக்கு. கடையை மூடிருங்க."

ஒரு வாரம் அவர் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நிறம் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் பார்த்தார். பேரப்பிள்ளைகள் தாத்தா கண்ணடிக்கிறார் என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பார்வை சன்னலுக்குப் போயிற்று.

இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடத்து மதுரையில் பழைய கட்டடம் எதுவும் இருந்தபடி இருக்க முடியாது. இருக்கிற கரண்டில் ஊர் முழுக்கக் குளிர வேண்டும் என்பதால், நாற்பது வயதான கட்டடம் எல்லாவற்றுக்கும் சட்டப்படி புதுக் கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடி தானே தெளியும், தானே இருளும். எப்போது தெளிவது, எப்போது இருள்வது என்று கட்டடத்துக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிற மூளைக்குச் சமனி என்று பெயர். வெளிச்சத்தையும் கரண்டையும் சமன் செய்வதால் சமனி. பக்கீர் மைதீனின் வடக்குச் சன்னலுக்கு அந்தக் கண்ணாடி வந்து இரண்டு மாதம். வந்த நாளிலிருந்து அது டீ நிறத்தில்தான் நின்றது. தலைக்குமேல் ஒரு பல்பு கொடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை சமனியைச் சோதிக்க வரும் இன்ஜினியர் பெண்ணை அவர் படிக்கட்டிலேயே மறித்தார். சங்கமித்ரா என்று பெயர், கையில் டேப்லெட்.

"ஒரு நிமிசம்மா. என் சன்னலை யாரு இருட்டாக்குனது?"

"ஆள் யாரும் இல்ல பாய். சமனிதான்."

"அந்தச் சமனிக்கு வீடு எங்க? சொல்லுங்க, நேர்ல போயி பேசிக்கிறேன்."

அவள் சிரித்தாள். ஆனால் நின்று பதில் சொன்னாள். "உங்க சன்னல்ல வெளிச்சத்தோட முன்னூறு வாட் சூடும் சேர்ந்து வருது. அது தரை வழியா இறங்கி ரெண்டாம் மாடி ஏசிக்குச் சுமை. கண்ணாடியை இருட்டாக்கிட்டு உங்களுக்கு ஒரு பல்பு போட்டா, பதினெட்டு வாட்டோட முடிஞ்சுது. கட்டடத்துக்கு மிச்சம்."

"வடக்குச் சன்னல்ம்மா அது. வெயிலே எட்டிப் பாக்காது."

"வானத்து வெளிச்சத்துலயே சூடு இருக்கு பாய்."

"இருந்துட்டுப் போகுது. எனக்கு வெளிச்சம் பத்தலையே."

அவள் டேப்லெட்டைத் தட்டினாள். "பத்துதே. மேசைமேல எவ்வளவு விழணுமோ அவ்வளவு விழுது. முன்னைவிட ஒரு புள்ளி கூடவே விழுது."

"அளவு சரிதாம்மா. ஒரு லிட்டர் பாலும் ஒரு லிட்டர் சுண்ணாம்புத் தண்ணியும் அளவுக்கு ஒண்ணுதான். பிள்ளைக்கு எதை ஊத்துவீங்க?"

சங்கமித்ரா அவரோடு அறைக்குள் வந்தாள். மேசையில் கிடந்த இரண்டு துண்டுகளை எடுத்துப் பல்புக்குக் கீழே பார்த்தாள். கீழே தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறிவந்தாள்.

"உங்க கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்ல பாய். சூரிய வெளிச்சத்துல எல்லா நிறமும் கலந்திருக்கும். இந்தப் பல்புல சிலது குறைச்சல். அதனால இங்க ஒண்ணா தெரியற ரெண்டு சாயம் வெளியில போனா பிரிஞ்சுடும்."

பக்கீர் மைதீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் கண் தன்னிடமே இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்பது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்ப நல்ல பல்பா ஒண்ணு குடுங்க."

"அது அறுபது வாட் இழுக்கும். கிடங்குக்கு அவ்வளவு அனுமதி கிடையாது."

"எது கிடங்கு?"

"இந்த மாடி. மனுஷங்க யாரும் இல்ல, சரக்கு மட்டும்னு பதிவு."

"எவன் சொன்னான் அப்படி?" அவர் எழுந்தேவிட்டார். "பட்டப்பகல்ல பத்தொம்பது பேரு உக்காந்து வேலை பாக்குறோம். எவன்மா சொன்னது? பேரைச் சொல்லுங்க."

அவள் டேப்லெட்டில் தேடி வாசித்தாள். "மூன்றாம் மாடி, ஏழாம் அறை. 'இங்க என்ன சார் வியாபாரம், சும்மா நாலு துணி போட்டு வச்சிருக்கேன்.' சொன்னவர் பெயர், பக்கீர் மைதீன்."

கணக்கெடுக்க வந்த பையன் போன வருடம் வாசலில் நின்றது அவருக்கு நினைவு வந்தது. கழுத்தில் அட்டை, கையில் கருவி. அட்டை தொங்குகிற கழுத்தைக் கண்டால் மாசி வீதி வியாபாரிக்கு வாய் தானாகச் சுருங்கும். இருப்பதைப் பாதியாகவும், பாதியைக் காலாகவும் சொல்லிப் பழகிய வாய். எந்தத் துறை, எதற்கு என்று கேட்கவே மாட்டான், முதலில் இல்லை என்பான். மூன்றாம் மாடியின் பன்னிரண்டு அறைக்காரர்களும் அன்றைக்குப் பேசிவைத்ததுபோல ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"ஆள் நடமாட்டம் சமனிக்குத் தெரியாதா?"

"தெரியும். கிடங்குன்னு இருக்கறதால சுமை ஏத்தி இறக்கறவங்கன்னு எடுத்துக்கும்."

"கீழ நாப்பது பொம்மை நிக்குது, இருபத்துநாலு டிகிரி குளிர்ல. அதுகளுக்கு வேர்க்குமாம்மா?"

"ஷோரூமுக்கு அது சட்டப்படி அனுமதிச்ச குளிர் பாய்." அவள் குரல் இறங்கியது. "நீங்க நினைக்கற மாதிரி இது விளையாட்டு இல்ல. போன சித்திரையில மூணு நாள் கரண்ட் நின்னுதே, அதுல செத்தவங்கள்ல எங்க பெரியப்பாவும் ஒருத்தர். மிச்சம் பிடிச்சே ஆகணும்."

"பிடிங்க. யாரு வேணாங்குறது? அதை எங்க கண்ணுல இருந்துதான் பிடிக்கணுமா?"

அவள் வழி ஒன்று சொன்னாள். பதிவைத் திருத்தலாம். வேலை செய்கிறவர்கள் பெயர் கொடுத்து இது வேலையிடம் என்று எழுதிவிட்டால், ஆள் இருக்கிற அறைகளுக்குச் சமனி வேறு மாதிரி முடிவெடுக்கும் என்றாள்.

பெயர் வாங்குவது நிறம் பொருத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முந்திக்குக் குஞ்சம் கட்டுகிறவர்கள், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவர்கள், எல்லாரும் மாட்டோம் என்று தலையை ஆட்டினார்கள். ஒன்பதாம் அறையில் ஐந்து பெண்களை வைத்துப் பட்டுக்கு ரஃபு அடிக்கும் தெய்வானை, எலி கடித்த சேலையிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள். கிழிந்த இடத்தில் இழை இழையாக நெய்து, கிழிந்த தடமே தெரியாமல் ஆக்குகிற கை. இரண்டு மாதமாக அந்தக் கையின் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"பேரைக் குடுத்தா நாளைக்கு வரிங்குவான், லைசென்சுங்குவான். நமக்கெதுக்குண்ணே வம்பு?"

"இல்லாத ஆளுக்கு எவன் தெய்வானை வெளிச்சம் குடுப்பான்? இருக்கோம்னு சொல்லுவோம். ஒரே ஒரு தடவ உள்ளதச் சொல்லிப் பாப்போம்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"என் தலையில போடு."

பத்தொன்பது பேர் பெயரும் ஏறின. சங்கமித்ரா அன்று மாலையே பதிவைத் திருத்தினாள்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், டீ நிறத்தில் இருந்த கண்ணாடி டிகாக்ஷனாகியிருந்தது. வானம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பல்பு மட்டும் அதேபடி எரிந்தது. முதலாளி சௌந்தரபாண்டியன் ஆளனுப்பிக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்து, இழவு வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் செய்யல பாய். சமனி அனுப்பியிருக்கு. நீங்களே படிங்க."

மூன்றாம் மாடியில் பத்தொன்பது வெப்ப மூலங்கள் கண்டறியப்பட்டன. ஒன்றுக்கு நூறு வாட், மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாட். பரிந்துரை: மாடியைக் காலி செய்தல்.

"வெப்ப மூலம்னா?"

"நீங்கதான் பாய். மனுச உடம்புன்னா சூடு இருக்கும்ல." முதலாளி கைகளைப் பிசைந்தார். "காலியாயிட்டா கரண்டு மிச்சம்னு கட்டடத்துக்குத் தங்க முத்திரை குடுப்பாங்களாம். ஒரு மாசம் டயம் எடுத்துக்குங்க. உங்களை நான் அவசரப்படுத்துவேனா?"

பக்கீர் மைதீன் காபியைத் தொடாமல் மேலே ஏறினார். எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார். தெய்வானைதான் முதலில் வாய் திறந்தாள்.

"இத்தன வருசம் பொய் சொல்லிப் பொழச்சோம்ண்ணே. ஒரு நாள் உண்மை சொன்னோம், நம்மளக் கரண்டு அடுப்பாக்கிட்டானுக. எம் பிள்ளை பீசு கட்டப் பட்ட பாடு, இந்த ரெண்டு கண்ண வச்சு நான் நெய்ஞ்ச நெசவு, எதுவும் அதுல வரல. சூடு மட்டும் வந்துருச்சு. சூடு! பொணத்துக்குத்தாண்ணே சூடு இருக்காது."

சங்கமித்ராவைத் தொலைபேசியில் பிடித்தார். "ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சா கண்ணையும் பார்க்கும்னு நம்பினேன் பாய். வெளிச்சம் சரியா இருக்குன்னு அது ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு. ஆள்னா அதுக்குச் சூடு மட்டும்தான், அதை ஈடுகட்டக் கண்ணாடியை இன்னும் இருட்டாக்கிடுச்சு. வேற கட்டமே வைக்கல."

குஞ்சம் கட்டுகிற பெண்ணொருத்தி சுத்தியல் எடுத்து வந்தாள். கண்ணாடியை உடைத்தால் அன்றைக்கே கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள் என்று சொல்லி அதை வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் ராமர் பச்சைச் சேலையோடு வந்தார். பக்கீர் மைதீன் இப்போதெல்லாம் பல்பை நம்புவதில்லை. துண்டுகளை எடுத்துக்கொண்டு அவரோடு இறங்கிப் போய், ஷோரூம் கதவை முதுகால் தாங்கிப் பிடித்தபடி, வாசல் வெயிலில் நிறம் பார்த்தார்.

"பாய்! பாய்!" ஷோரூம் மேனேஜர் ஓடி வந்தான். "கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. குளிரு பூரா வெளிய போகுது, அங்க பாருங்க போர்டுல சிவப்பு எரியுது!"

சுவரில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவை விட்டார். அணைந்தது. மறுபடி தள்ளினார். எரிந்தது. மேனேஜர் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பக்கீர் மைதீன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, நடைபாதையில் நின்றே சங்கமித்ராவை அழைத்தார்.

"ஏம்மா, என் சன்னல் ஒரு மணி நேரம் தெளிவா இருந்தா கீழ ஏசிக்கு எவ்வளவு சுமையோ, அது இந்தக் கதவை எத்தனை தடவ திறந்தா வரும்?"

மறுமுனையில் விரல் தட்டும் சத்தம்.

"ரெண்டு தடவை. இந்த வெயிலுக்கு ரெண்டே தடவை பாய்."

"அது சமனிக்குத் தெரியுமா?"

"எவ்வளவு போகுதுன்னு தெரியும். ஏன் திறக்குதுன்னு தெரியாது. ஆனா அது பார்த்துப் பார்த்துக் கத்துக்கும். மேல இருட்டானா கீழ கதவு திறக்குதுன்னு ரெண்டு மூணு நாள்ல பிடிச்சுடும்." அவள் சட்டென்று நிறுத்தினாள். "நான் எதுவும் சொல்லல பாய்."

"நானும் கேக்கலம்மா."

அன்று மதியத்திலிருந்து எந்த நிறமும் மூன்றாம் மாடியில் பார்க்கப்படவில்லை. நூல்கண்டு தெருவுக்குப் போயிற்று. குஞ்சத்துக்குப் பட்டிழை தெருவுக்குப் போயிற்று. ரஃபு அடித்த இடத்தை நான்கு விரற்கடைக்கு ஒருமுறை தெருவெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்கள். முதலில் எல்லாரும் கூட்டமாய் இறங்கினார்கள். பக்கீர் மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒண்ணாப் போனா கதவு ஒரு தடவதானே திறக்கும்? ஒவ்வொருத்தரா போங்கம்மா. ஒருத்தி ஏறி வந்தப்புறம் அடுத்தவ."

மேனேஜர் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். கீழே வியர்வை துடைத்துக்கொண்டே சேலை பார்த்த வாடிக்கையாளர்கள் பாதியில் எழுந்து போனார்கள். இரண்டாம் நாள் முதலாளியே வந்து நின்றார்.

"என்ன பாய் இது?"

"கலர் பாக்குறோம் முதலாளி. சட்டத்துல தப்பா?"

"அதுக்கு என் கடை வழியாவா?"

"வேற வழி எங்க இருக்கு? காட்டுங்க, அப்படியே போயிர்றோம்."

படியை மூட முடியாது, தீயணைப்புத் துறை விடாது. முதலாளி பொம்மைகளிடம் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் பதினோரு மணி சுமாருக்கு, தெய்வானை தன் அறையிலிருந்து "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பக்கீர் மைதீன் நிமிர்ந்தார். அவருடைய சன்னலும் நிறம் மாறிக்கொண்டிருந்தது. டிகாக்ஷன் டீயாகி, டீ வெறும் தண்ணீராகி, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வானம் வந்து நின்றது. அலமாரியில் இரண்டாயிரம் துண்டுகளும் ஒரே சமயத்தில் தங்கள் நிறத்துக்குத் திரும்பின. எத்தனை துண்டுகளைத் தவறான தட்டில் வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் அறை அறையாக ஓடிச் சன்னல்களைப் பார்த்தார்கள். ஒருத்தி பல்பைப் பார்த்துக் கையை ஆட்டி டாட்டா காட்டினாள்.

சங்கமித்ரா படியேறி ஓடி வந்தாள். டேப்லெட்டை நீட்டினாள்.

"பன்னிரண்டு சன்னலும் தெளிவு. காலி செய்யற பரிந்துரையும் ரத்து. ஜெயிச்சுட்டீங்க பாய்!"

"என்ன காரணம் போட்டிருக்கு?"

"காரணம்..." அவள் உற்சாகம் ஒரு படி இறங்கியது. "கதவு வழி இழப்பு."

"எங்களைப் பத்தி?"

"பத்தொன்பது வெப்ப மூலங்கள். மாற்றமில்லை."

ஓடித்திரிந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். தெய்வானை சன்னலுக்குப் பக்கத்தில் சேலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது.

"இனிமே யாரும் சும்மா இறங்காதீங்க," என்றாள் சங்கமித்ரா. "நீங்க அடங்கி உட்கார்ந்தாத்தான் கண்ணாடி தெளிஞ்சதுல பலன் இருக்குன்னு அது நம்பும். திரும்பவும் கதவு திறந்துச்சுன்னா, பிரயோஜனமில்லைன்னு மறுபடி மூடினாலும் மூடிடும்."

"அதாவது," என்றார் பக்கீர் மைதீன், "கதவு நல்லா இருக்கணும்னு எங்களுக்கு வெளிச்சம். கதவுக்கு ஒரு மரியாதை இருக்கு. கண்ணுக்குக் கிடையாது."

"அதுக்கு ஒரு கட்டம் சேர்க்கணும் பாய். ஆள் என்ன வேலை பார்க்கறாங்க, அதுக்கு எப்படிப்பட்ட வெளிச்சம் வேணும்னு. என்னால முடியாது. சென்னையில மேல இருக்கறவங்க ஒத்துக்கணும். கிடைச்சதை இப்போதைக்கு வச்சுக்கங்களேன்."

"ஏம்மா, மூணு நாளைக்கு முன்னாடி காலி பண்ணுன்னுச்சு. இன்னைக்குச் சன்னலைத் திறந்து விடுது. இது என்ன தெரியுமா? பேரம். முதல்ல ஒரு விலை சொல்லிட்டு, நாம நடையக் கட்டுனதும் கூப்பிட்டு ரெண்டாவது விலை சொல்லுறது."

"அது மெஷின் பாய். பேரமெல்லாம் பேசாது."

"பேசிருச்சேம்மா. கூப்பிட்டு விலை சொல்லுறவன்கிட்ட உடனே தலையாட்டுனா, நான் இந்த வீதியில முப்பத்தோரு வருசம் உக்காந்ததுக்கு அர்த்தமே இல்ல." அவர் பெண்களின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "ஆனா இது என் ஒருத்தன் சன்னல் மட்டுமில்ல. போன தடவ நான் சொல்லித்தான் பேரு குடுத்தீங்க, அதுல பட்டது போதும். இந்தத் தடவ நான் வாயத் திறக்க மாட்டேன். வெளிச்சம் இருக்கு. உக்காந்து வேலை பாக்கணும்னாலும் நியாயந்தான்."

சன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்து, கண்ணாடிக்குள் இத்தனை பேர் இருப்பதைக் கண்டு உடனே பறந்தது.

தெய்வானை ஊசியில் கோத்திருந்த இழையை உருவி எடுத்தாள். சேலையை நான்காய் மடித்துத் தோளில் போட்டாள்.

"கதவுக்குக் கொடுத்த வெளிச்சத்துல நான் ஊசி கோக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

எல்லாரும் காதைக் கொடுத்து நின்றார்கள். இரண்டாம் மாடி, முதல் மாடி, தரைத்தளம். கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். "ஐயோ, மறுபடியுமா!" என்று மேனேஜரின் ஓலம். சங்கமித்ராவின் டேப்லெட் ஒருமுறை அதிர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள், பக்கீர் மைதீனைப் பார்த்தாள், சென்னை எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

"பேசுங்கம்மா, பேசுங்க, நிதானமாப் பேசுங்க," என்றார் அவர். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பிறகு வரிசையில் அடுத்து நின்ற குஞ்சக்காரப் பெண்ணிடம் கையசைத்தார்.

"தெய்வானை ஏறி வரட்டும். அப்புறம் நீ."